ரசிகனுக்கு எதற்குப் புத்தகம்?

தமிழில் ராக் இசைக்கு ரசிகர்கள் குறைவில்லை. ராக் இசை பற்றிய புத்தகங்களைத் தேடிப் படிக்கிறவர்களும் குறைவில்லை. லெட் ஸெப்பலின் என்றதும் கண்கள் கிறங்குகிறவரை, ஜிம் மாரிஸனின் வாழ்க்கை வரலாற்றைக் கரைத்துக் குடித்தவரை, பாப் டிலனுக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தபோது தனக்கே கிடைத்ததுபோல் பூரித்தவரை எந்த இலக்கியக் கூட்டத்தின் தேநீர் இடைவேளையிலும் சந்திக்கலாம். அவர்களுடைய ரசனை மீது எனக்குப் புகார் ஏதுமில்லை. நல்ல இசையைக் கேட்பதற்கு யாரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை. என் புகார் வேறு. இத்தனை புத்தகங்களைப் படித்தவர்கள், அவை எதற்காக எழுதப்பட்டன என்பதை மட்டும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால், தங்கள் கண்முன் மேடையேறிய ஓர் இசைக்குழுவை வெறும் கைதட்டலோடு அனுப்பிவைத்திருக்க மாட்டார்கள்.

நானிருக்கும் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் இருக்கிறது வல்லம் வடகால் சிப்காட். இங்கே ராயல் என்ஃபீல்டு ஆலை இருக்கிறது. யமஹா மோட்டார் ஆலையும் இருக்கிறது. முன்னது இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்குத் தெற்கேயுள்ள ரெட்டிச் என்ற ஊசித் தொழில் நகரத்தில் வளர்ந்த நிறுவனம். 1955இல் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் ஆலை வைத்தது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு 2013இல் ஒரகடத்துக்கும் 2017இல் வல்லம் வடகாலுக்கும் அது பரவியது. அதே 1955இல்தான் ஜப்பானில் ஆர்மோனியம், பியானோ செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்திலிருந்து யமஹா மோட்டார் பிரிந்தது. அதன் சின்னத்தில் இன்றும் இருப்பவை மூன்று இசைக்கவைகள். இங்கே ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிவழிந்தபடி போகிற இளைஞர், சுருதி சேர்க்கும் கருவியின் படத்தைப் பெட்ரோல் டேங்கில் ஒட்டிவிட்டுப் போகிறார் என்பது வேடிக்கைதான்.

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. லெட் ஸெப்பலினின் முரசுக் கலைஞர் ஜான் பான்ஹம் 1948இல் பிறந்தது அதே ரெட்டிச்சில்தான். பள்ளியை விட்டபின் தந்தையோடு கட்டட வேலை பார்த்தவர் அவர். 1980இல் அவர் இறந்ததும், அவரின்றித் தொடர இயலாது என்று குழுவே கலைந்தது. 2018இல் அவருடைய எழுபதாவது பிறந்தநாளில் ரெட்டிச் நகரம் அவருக்கு வெண்கல நினைவுச்சின்னம் எழுப்பியது. நம் நண்பர்கள் புல்லட்டில் ஏறி லடாக் போகிறார்கள். காதுக்குள் பான்ஹம் அடித்துக்கொண்டிருக்கிறார். வண்டியும் முரசும் ஒரே ஊர்க்காரர்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதுகூடப் பரவாயில்லை. அந்த வண்டி அறுபதாண்டு காலம் உருவான திருவொற்றியூரும் அதைச் சுற்றியிருந்த வடசென்னையும் தமக்கென ஓர் இசையை வைத்திருந்தன என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா? சாவு வீட்டில் விடியவிடியப் பாடப்பட்ட கானா அது. துறைமுகமும் ஆலைகளும் மூட்டைத் தூக்கலும் அதன் பின்னணி.

ரசிகன் எழுதுகிற புத்தகங்கள் இரண்டு வகை. முதல் வகை, நாயகனின் அறைக்கதவைத் திறந்து எட்டிப்பார்ப்பது. ஸ்டீபன் டேவிஸ் லெட் ஸெப்பலின் பற்றி 1985இல் எழுதிய 'ஹேமர் ஆஃப் த காட்ஸ்' இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். விற்பனையில் சக்கைப்போடு போட்ட நூல். குழுவினரோ அதை வெறுத்தார்கள். மது, பெண்கள், மாந்திரீகம், விடுதியறைச் சேதாரம். நம்மவர்கள் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் இந்த வகையைத்தான். காரணம் எளிது. இதைப் படிக்கக் காது தேவையில்லை.

இரண்டாவது வகை, ஓசை எப்படி உண்டாயிற்று என்று கேட்பது. லெட் ஸெப்பலினின் நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாடலில் அந்த முரசு ஏன் அப்படி இடிக்கிறது? ஹெட்லி கிரேன்ஜ் என்ற பழைய கட்டடத்தின் கூடத்தில் முரசை வைத்து, மாடிப்படியின் மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார் ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ். பிளாக் சப்பாத்தின் கிதார் ஏன் அத்தனை கனமாக ஒலிக்கிறது? பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி அயோமி, பதினேழு வயதில், வேலையை விட்டுப் போகவிருந்த கடைசி நாளில், இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குக் குப்பி செய்துகொண்டார். மெல்லிய கம்பிகளைத் தேடினார், பின்னர் கம்பிகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார், சுருதி கீழிறங்கியது. உலகமெங்கும் ஹெவி மெட்டல் என்று கொண்டாடப்படும் ஓசையின் அடியில் ஒரு தொழிலாளியின் வெட்டுப்பட்ட விரல் இருக்கிறது. 2011இல் வெளியான தன் வரலாற்றில் அயோமியே இதை விரிவாகச் சொல்கிறார்.

பிரஸ் ஷாப் என்றால் என்னவென்று தெரிந்த இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் அயோமியின் கதையைச் சொல்லிப்பாருங்கள். ராக் இசையே கேட்டிராதவரும் தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொள்வார். நல்ல இசை நூல் செய்யவேண்டியது அதைத்தான். ரசிகனைத் தொழுகையிலிருந்து எழுப்பி, ஓசையின் பின்னாலிருக்கும் உடலையும் கூலியையும் கருவியையும் காட்டவேண்டும்.

பதிவு என்பது வெறும் நினைவேக்கம் அல்ல. அது நீதியோடு சம்பந்தப்பட்டது. லெட் ஸெப்பலின் 1969இல் வெளியிட்ட அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற பாடல்களில் ஒன்று, வில்லி டிக்ஸன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய ஒரு ப்ளூஸ் பாடலிலிருந்து எடுத்தாண்டது. டிக்ஸன் 1985இல் வழக்குத் தொடர்ந்தார், சமரசம் ஏற்பட்டது, அவர் பெயரும் பாடலோடு சேர்ந்தது. யார், எப்போது, எங்கே பாடினார் என்ற தகவல் எழுத்திலும் இசைத்தட்டிலும் இருந்ததால்தான் அது நடந்தது. தன் தெய்வம் திருடியது என்று தெரிந்தால் அதையும் எழுதிவைக்கிறவனே உண்மையான ரசிகன். மற்றவன் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன். ஆங்கிலம் தெரிந்தவன் என்பது மட்டுமே வித்தியாசம்.

அதே லெட் ஸெப்பலினின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் 1972இல் பம்பாய்க்கு வந்து நம் கலைஞர்களை வைத்து இரண்டு பாடல்களைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு அதிகாரபூர்வமாக வெளியானது 2015இல். தலைப்பில் அந்தக் கலைஞர்களுக்குக் கிடைத்த பெயர் 'பம்பாய் ஆர்க்கெஸ்ட்ரா'. ஊர்ப்பெயரும் ஒரு பொதுப்பெயரும், அவ்வளவுதான். எழுதிவைக்காதவர்களுக்கு வரலாறு தருவது அதைத்தான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், கிதார் கலைஞர்கள், பறை, தவில், சட்டி, கட்டமோளம் அடிப்பவர்கள் எனப் பத்தொன்பது பேர். இட ஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் அம்பேத்கரையும் பாட்டாக்கி, ராக் இசைக்குரிய ஒலிபெருக்கியின் முழு உரிமையோடு பாடினார்கள். குழுவின் பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஒரு வழிபாட்டுக் குழுவுக்கு வேண்டிய அத்தனையும் இருந்தன: கொடி, நிறம், முழக்கம், எதிரிகள், உயிரை விடத் தயாரான ரசிகர்கள்.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? காணொளிக்குக் கீழே நெருப்புக் குறியும் இதயக் குறியும் இட்டார்கள். நம் இலக்கிய நண்பர்கள் 'கலகக் குரல்', 'விளிம்பின் அழகியல்' என்று இரண்டு சொற்களைப் போட்டுக் கடமையை முடித்துக்கொண்டார்கள். மின்கிதாரின் பக்கத்தில் நிற்கும்போது சட்டியின் ஓசை அமுங்காமல் இருக்க மைக்கை எங்கே வைத்தார்கள்? கானாவின் இழுவை ராப்பின் தாளக்கட்டுக்குள் அமர எது விட்டுக்கொடுத்தது? சாவு வீட்டில் பாடுகிறவருக்கு இரவுக்கு என்ன கூலி, மேடையில் என்ன கூலி? ஹெட்லி கிரேன்ஜின் மாடிப்படியை அங்குலம் அங்குலமாக அறிந்த நண்பர்கள் இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது யாரிடமாவது கேட்டார்களா?

கேட்காததன் விலை சிறியதல்ல. அக்குழுவில் பாடிய அறிவு எழுதிப் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளியாகி உலகம் சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அந்தப் பாடலை ஒட்டி வெளியிட்ட அட்டைப்படத்தில் அவர் இல்லை. கண்டனம் எழுந்தபின் அவருக்குத் தனியாக ஒரு மின்னட்டை வந்தது. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரில்லாமல் அந்தப் பாடல் மேடையேறியதும், எழுத்து யாருடையது, மெட்டு யாருடையது என்று அறிவும் தீயும் சந்தோஷ் நாராயணனும் சமூக ஊடகத்தில் தனித்தனி அறிக்கை வெளியிட்டார்கள். நான் எந்தத் தரப்புக்கும் தீர்ப்பு எழுத வரவில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட ஒரு பாடல் எப்படி உருவானது என்பதற்கு, சம்பந்தப்பட்டவர்களின் கோபத்தைத் தவிர நம்மிடம் சான்று இல்லாமல் போனது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

'கானா வாய்மொழிக் கலை. எழுதினால் செத்துவிடும்' என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். கேட்பதற்கு அழகான வாதம். எழுத சோம்பல்படுகிறவருக்கு மிகவும் வசதியான வாதம். நியூயார்க்கின் பங்க் இசை பற்றி 1996இல் வந்த 'ப்ளீஸ் கில் மீ' முழுக்க முழுக்கப் பேச்சுக் குரல்களாலேயே தொகுக்கப்பட்டது. பங்க் இசை அதனால் செத்துவிடவில்லை. டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிற தலித் கிறித்தவக் குடும்பங்களைத் தேடிப்போய் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வெளியானபோது, அதன் வெளியீட்டுக்குத் தந்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. அந்த நூலால் மிருதங்கம் ஊமையாகிவிடவில்லை. யார் தோல் பதப்படுத்தினார் என்பது அச்சில் வந்தது, அவ்வளவுதான். அச்சமே அதுதான்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? சாதிபேதமற்ற தமிழர் என்ற அயோத்திதாசரின் சொல்லாட்சியிலிருந்து. அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார்; 1914இல் மறைந்தார். அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிடத் தொடங்கியது. இடையில் எண்பத்தைந்து ஆண்டுகள். வாய்மொழி வழக்காறுகளை ஆராயும் மையமே அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தது என்பதைக் கவனியுங்கள். அந்தப் பக்கங்களை யாரோ பழைய இதழ்களிலிருந்து எடுத்துத் தொகுத்திருக்காவிட்டால், 2018இன் மேடைக்கு அந்தப் பெயர் கிடைத்திருக்குமா? ஏட்டிலிருந்து பெயர் பெற்ற குழுவை ஏட்டில் ஏற்றக்கூடாது என்று சொல்ல நாம் யார்?

வாய்மொழி வாழ்வதற்கு வாய் மட்டும் போதாது, ஊரும் நிலைக்கவேண்டும். சென்னை தன் குடிசைப்பகுதி மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக் கொட்டியது. பாட்டைக் கேட்டு வளர்கிற பக்கத்துவீட்டுப் பையன் வேறு மாடிக்குப் போய்விட்டான். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது, செலவு 706.50 கோடி ரூபாய். பதினெட்டாயிரம் காதுகள் அல்ல, முப்பத்தேழாயிரம் காதுகள்! ஒவ்வொரு காதிலும் ஒரு பாட்டு. ஊரில் நடவுக்கும் ஒப்பாரிக்கும் பாடிய பாட்டிகளின் பேத்திகள் இவர்களில் எத்தனையோ பேர். நாளைய இசைக்குழு அங்கிருந்தும் வரலாம். பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலையிலிருந்து வரவில்லையா? வந்தால் அப்போதும் நாம் இதயக் குறிதான் இடப்போகிறோமா?

தமிழில் இசை நூல் எழுதியவர்களே இல்லை என்று சொல்லவில்லை. திரையிசையின் மறக்கப்பட்ட கலைஞர்களைத் தனியொருவராகத் தேடித்தேடி எழுதிய வாமனன் இருக்கிறார். அவரிடமிருந்து கற்கவேண்டியது அந்தத் தேடலை. நாமோ இசைக்கலைஞரைப் பற்றி எழுதென்றால் பொன்னாடை போர்த்துகிறோம். பொன்னாடைக்குக் கீழே ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஜான் பான்ஹமின் கால்மிதி பற்றிப் பேச வாய் திறக்கும்போது ஒரு நிபந்தனை வைத்துக்கொள்வோம். சட்டி அடிக்கும் கலைஞர் ஒருவரின் பெயரையும், அவர் யாரிடம் கற்றார் என்பதையும், அந்தத் தோலை இழுத்துக் கட்டியவர் யார் என்பதையும் அவரிடமே கேட்டு, அவர் சம்மதத்தோடு எழுதிவைத்துவிட்டு வந்து பேசுவோம். முதலில் நாற்பது பக்கம் வந்தால் போதும். பாட்டு நின்றபின் ரசிகன் கையில் இருக்கவேண்டியது அந்த நாற்பது பக்கம்தான்.