மணிச் சத்தத்துக்கு எழுந்த பிள்ளை

போன தீபாவளிக்கு விடுதியிலிருந்து வந்திருந்த என் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாசலில் பால்காரர் சைக்கிள் மணியை அடித்தார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்க, பையன் சட்டென்று எழுந்து கை கழுவப் போய்விட்டான். "ஏன் கண்ணு எழுந்துட்டே?" என்றேன். அவனுக்கே தெரியவில்லை. முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த என் மாமியாரின் விரல்கள் நின்றுவிட்டன. அவர் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

அந்த விடுதியைத் தேடிப் பிடித்தது யார்? நான்தான். ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று விசாரித்து அலைந்து, எங்கே கெடுபிடி அதிகமோ அங்கே சேர்த்தேன். விடியுமுன் எழுப்புவார்கள், வாரத்துக்கு ஒரு போன்தான் என்று சொன்னபோது மனசு நிறைந்து பணம் கட்டினேன். அந்த மாதிரிப் பள்ளிகளைக் 'கோழிப்பண்ணை' என்று ஊரே சொல்லும்போதும் நம்மில் யார் பின்வாங்கினோம்?

ராபர்ட் லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சீனாவில் மூளைச்சலவைக்கு ஆளானவர்களிடம் பேசி 1961-ல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கே கையாண்ட வழிகளை அவர் வரிசைப்படுத்துகிறார்: வெளியுலகத் தொடர்பை அறுப்பது, ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கவைப்பது, தவறை எல்லார் முன்னும் ஒத்துக்கொள்ளச் செய்வது, சந்தேகம் வந்தாலே குற்றம் என்று நினைக்கவைப்பது. சிறையும் விடுதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதில் எத்தனை, நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதிமுறைகளில் இருந்தன? எத்தனை நம் வீட்டுக் கூடத்திலேயே நடக்கின்றன?

இப்படி வசப்பட்டு ஏமாறுகிறவர்கள் அறிவில்லாதவர்கள் என்று நினைக்கிறோம். மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்ன பெருந்துறை ஈமு பண்ணை 2012-ல் கவிழ்ந்ததே, அதில் பணம் போட்டவர்களில் படித்தவர்கள் இல்லையா? பக்கத்து வீட்டுக்காரருக்கு மாதாமாதம் பணம் வருகிறது, சினிமா நட்சத்திரம் விளம்பரத்தில் வருகிறார், சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் "எப்படிங்க இவ்வளவு கட்டுப்படியாகும்?" என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நம்மை என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம்தான். அந்தக் கூச்சத்தை நமக்கு ஊட்டியது யார்?

"பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே." "ஏன்னு கேக்காதே, சொன்னதைச் செய்." இதைச் சொல்லாத வீடு நம் ஊர் ஆட்டையாம்பட்டியில் இருக்கிறதா? நானும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னவள்தான். ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசாங்கம் 2017-லேயே நிறுத்திவிட்டது. கல்யாண மண்டபத்தில் நாம் நிறுத்தினோமா? "உன் மார்க் எத்தனை?" என்று பந்தியிலேயே கேட்கிறோம். பிள்ளை தலை குனிகிறான். தூக்கம் கெட்டு, தனிமையில் கிடந்து, ஒரு பாராட்டுக்கு ஏங்கிப் பழகியவன், நாளைக்கு "தம்பி, உன்னை நான் நம்புறேன்" என்று எவன் கூப்பிட்டாலும் பின்னால் போகமாட்டானா? கூப்பிடுகிறவன் சாமியாரா, சீட்டுக் கம்பெனிக்காரனா, சாதிச் சங்கத்தானா, செல்போனில் பேசும் முகம் தெரியாதவனா, யாருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் ஒரு சோதனை செய்தார். கண்ணெதிரே உள்ள கோடுகளில் எது சம நீளம் என்று கேட்டார். மற்ற எல்லாரும் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னபோது, விவரம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்றில் ஒரு தடவை கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகவே சொன்னார்கள். சரியாகச் சொல்லும் ஒரே ஒருவர் துணைக்கு இருந்தபோது, அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரே ஒருவர் போதும். நம் பிள்ளைக்கு அந்த ஒருவர் யார்?

பொங்கலுக்கு வந்தபோது அவனிடம், "அங்கே திரும்பப் போறியா, இங்கிருந்தே படிக்கிறியா?" என்று கேட்டேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு, "நீங்க என்ன சொல்லணும்னு எதிர்பார்க்கிறீங்கம்மா?" என்றான்.