ஒரே பயணம், இரண்டு சூரிய உதயம்

வெளிநாட்டிலிருந்து மகனோ கணவரோ வருகிறார் என்றால் நீங்கள் முதலில் கேட்பது என்ன? "எத்தனை மணித்தியாலப் பயணம்?" என்பதுதானே! எத்தனை கிலோமீற்றர் என்று யாரும் கேட்பதில்லை. அதுவும் நியாயம்தான். தூரம் மாறுவதில்லை, அதைக் கடக்கும் நேரமே மாறுகிறது.

அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து லண்டனுக்குச் சுமார் 14,500 கிலோமீற்றர். குவாண்டாஸ் நிறுவனம் 2018 மார்ச் மாதத்தில், இடையில் எங்கும் இறங்காமல் அங்கே பறக்கத் தொடங்கியது. பயணம் ஏறத்தாழ 17 மணித்தியாலம்.

இதே பேர்த்திலிருந்து நமது காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவிக்குச் சுமார் 5,650 கிலோமீற்றர்தான். ஆனால் 1943இல் அதே குவாண்டாஸின் விமானத்துக்கு இத்தூரத்தைக் கடக்கச் சராசரியாக 28 மணித்தியாலம் பிடித்தது. ஒரு தடவை 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் சென்றதாம்!

ஏன் இவ்வளவு நேரம்? 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததோடு அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வான்வழி அறுந்து போயிற்று. அதைத் திரும்ப இணைக்கக் கிடைத்தவை 'கற்றலினா' எனும் ஐந்து கடல் விமானங்கள். நீரிலிருந்து எழும்பி நீரிலேயே இறங்குபவை. வேகமோ மணிக்குச் சுமார் 200 கிலோமீற்றர்தான். எதிர்காற்று வீசினால் அதுவும் குறையும். நடுவில் இறங்கி எண்ணெய் நிரப்ப இடமில்லை. ஆகவே விமானத்துக்குள்ளேயே மேலதிகத் தாங்கிகளைப் பொருத்தினார்கள். மிஞ்சிய இடத்தில் மூன்று பிரயாணிகளும் 70 கிலோ அளவில் தபாலும் மட்டுமே. எண்ணெய்ப் பாரம் எவ்வளவென்றால், முதற் பல மணித்தியாலங்களுக்குள் இரு இயந்திரங்களில் ஒன்று நின்றாலும் மற்றதைக் கொண்டு பறக்க முடியாது. கீழே இந்து சமுத்திரம் மாத்திரமே.

ஜப்பானிய விமானங்கள் நடமாடிய பகுதியை இருளிலேயே தாண்ட வேண்டும். வானொலியில் பேசக் கூடாது. வழிகாட்டியவை நட்சத்திரங்களே. ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். அவற்றுள் அல்தாயிர், வேகா, ரைஜல் ஆகிய மூன்றும் அரபு மொழியிலிருந்து வந்த பெயர்கள். 'அத்தாயிர்' என்றால் பறப்பது என்று பொருள். விமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு உண்டா?

ஒரே பயணத்தில் இரு தடவை சூரியன் உதிப்பதைக் கண்டதால், பிரயாணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியக் கழகம்' என்ற பெயரில் ஒரு சான்றிதழும் வழங்கப்பட்டது. பேர்த்தில் விடை கொடுத்த குடும்பத்தாருக்கு அந்த ஒன்றேகால் நாளும் ஒரு செய்தியும் வந்திராது, எப்படித்தான் பொறுத்திருந்தார்களோ!

1945 வரை 271 தடவைகள் இச்சமுத்திரத்தைக் கடந்தார்கள். ஒரு விமானமேனும் வழியில் தொலைந்ததில்லை. யுத்தம் முடிந்த பின்னர் அந்த ஐந்து விமானங்களையும் அவுஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கடித்து விட்டார்கள்.