இலவச விளையாட்டுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?



"காசில்லாத விளையாட்டுத்தானே அம்மா" என்று பிள்ளை சொன்னால் நாமும் பேசாமல் விட்டுவிடுகிறோம். பல வீடுகளில் இருப்பது ஒரேயொரு கைத்தொலைபேசி. நாள் முழுவதும் உழைத்துவிட்டு வந்த தாய்க்கு, பிள்ளை ஒரு மூலையில் அமைதியாக இருந்து விளையாடுவது ஆறுதலாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு கடைக்காரர் தெருவில் போகிற பிள்ளைகளுக்கெல்லாம் தினமும் இனிப்பைச் சும்மா கொடுத்தால், "இவருக்கு இதில் என்ன இலாபம்?" என்று நாம் கேட்போம் அல்லவா? இணையத்தில் இருக்கும் இலவச விளையாட்டுத் தளங்களைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். இம்மாதம் அதைப் பார்ப்போம்.

நாணயத்தில் தொடங்கிய விளையாட்டு

இந்த விளையாட்டுகளின் தாய்வீடு, வெளிநாடுகளில் 'ஆர்கேட்' என்று அழைக்கப்பட்ட விளையாட்டுக் கூடங்கள். அங்கே ஆள் உயர இயந்திரங்கள் இருக்கும். நாணயத்தைப் போட்டால்தான் விளையாடலாம். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இவற்றில் மிகவும் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு அட்டாரி நிறுவனத்தின் 'அஸ்டெரொய்ட்ஸ்' வந்தது. கூடிய புள்ளி எடுத்தவர் தன் பெயரின் மூன்று எழுத்துகளைத் திரையில் பதிந்துவிட்டுப் போகலாம். மற்றவர் அதைப் பார்த்துவிட்டு, அவரை முந்துவதற்காக இன்னொரு நாணயம் போடுவார்.

ஆட்டம் இலகுவாகத் தொடங்க வேண்டும், விரைவில் முடிய வேண்டும், "இன்னும் ஒரு தரம்" என்று தோன்ற வேண்டும். இந்த மூன்றும் அன்றே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. இணையம் வந்த பின்னர் நாணயம் இல்லாமற் போனது. ஆனால் வியாபாரம் போகவில்லை. நாணயத்தின் இடத்துக்கு வந்தது, விளையாட வருகின்ற ஆள்.

ஆட்களை வரவழைக்கும் வழிகள்

1997இல் அமெரிக்காவில் 'கேண்டிஸ்டாண்ட்' என்றொரு விளையாட்டுத் தளம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியது மிட்டாய் வியாபாரம். பிள்ளைகள் அங்கே விளையாடும்போது மிட்டாயின் பெயரும் படமும் கண்முன்னே இருந்துகொண்டே இருக்கும். விளையாட்டே விளம்பரம்.

2001இல் லண்டனில் றொபர்ட் ஸ்மோல், டிஹான் பிரெஸ்பி என்ற இருவர் 40,000 பவுண் முதலோடு 'மினிகிளிப்' என்ற தளத்தைத் தொடங்கினார்கள். அந்நாள் அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் நடனமாடுவது போன்ற ஒரு வேடிக்கைச் சித்திரம் அவர்களுக்குக் கைகொடுத்தது. மின்னஞ்சலில் அதைப் பெற்றவர்கள் சிரித்துவிட்டு நண்பர்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் தம் நண்பர்களுக்கு அனுப்பினார்கள். கோயில் திருவிழாச் செய்தி வாய்வழியாகப் பரவுவது போல ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. "எங்கள் விளையாட்டை உங்கள் தளத்திலும் சும்மா வைத்துக்கொள்ளுங்கள்" என்று மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் விளையாட்டுக்குள்ளே கொடுத்தவரின் பெயரும், அவருடைய தளத்துக்குப் போகும் வழியும் இருக்கும். எந்தக் கடையில் விளையாடினாலும் பிள்ளை கடைசியில் இவர் வாசலுக்கு வந்துவிடும்.

வந்தவர் திரும்பவும் வர வேண்டுமே! அதற்கும் வழி கண்டார்கள். 2006இல் ஜிம் கிறீர், எமிலி கிறீர் என்ற சகோதரனும் சகோதரியும் அமெரிக்காவில் 'கொங்கிறிகேட்' என்ற தளத்தைத் தொடங்கினார்கள். விளையாடுவோருக்குப் புள்ளிகளும் பதக்கங்களும் கொடுத்தார்கள். அவை படமாக மட்டும் இருக்கும் பதக்கங்கள்தான். ஆனாலும் சேர்த்து வைத்ததை விட்டுப் போக யாருக்கும் மனம் வராது. அத்தளம் விளம்பர வருமானத்தில் ஒரு பங்கை விளையாட்டை உருவாக்கியவர்களுக்கும் கொடுத்தது. அதனால் புதிய விளையாட்டுகள் வந்துகொண்டே இருந்தன.

இப்போது விடை தெரிகிறது. காசு கொடுப்பவர் விளம்பரக்காரர். அவர் வாங்குவது நம் பிள்ளையின் கண்ணையும் நேரத்தையும். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்ற கணக்கை வைத்தே பணம் கைமாறுகிறது.

கைத்தொலைபேசிக்கு வந்த பின்னர்

இந்தத் தளங்களில் பெரும்பாலானவை 'ஃபிளாஷ்' என்ற மென்பொருளை நம்பியிருந்தன. 2020 டிசெம்பர் 31ஆம் திகதியுடன் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகள் அதனுடன் இயங்காமற் போயின. ஆனால் அதற்கு முன்னரே விளையாட்டுகள் கைத்தொலைபேசிக்குக் குடிபெயரத் தொடங்கிவிட்டன.

இங்கே அழைப்பு இன்னும் நெருக்கமானது. "இன்றைய பரிசு காத்திருக்கிறது", "உன் நண்பன் உன்னை முந்திவிட்டான்" என்று தொலைபேசியே மணியடித்துப் பிள்ளையைக் கூப்பிடுகிறது. ஒரு நாள் வராவிட்டால் சேர்த்தது போய்விடும் என்ற பயத்தையும் காட்டுகிறது. விளம்பரத்தோடு நிற்காமல், விளையாட்டுக்குள்ளேயே உடை, ஆயுதம், காசு என்று விற்கவும் செய்கிறார்கள்.

இது வெறும் சந்தேகம் அல்ல. 'ஃபோர்ட்நைட்' என்ற விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் மொத்தம் 520 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியதாக, 2022 டிசெம்பரில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு அறிவித்தது. அதில் 275 மில்லியன், சிறுவரின் தகவல்களைப் பெற்றோரின் அனுமதியின்றிச் சேகரித்தது என்ற குற்றச்சாட்டுக்கான தண்டப்பணம். மிகுதி 245 மில்லியன், குழப்பமான பொத்தான்களால் விரும்பாத பொருட்களை வாங்க நேர்ந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கானது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் அழுத்தியவையும் அதில் அடங்கும்.

நாம் செய்யக்கூடியவை

சகோதரிகளே, தொலைபேசியைப் பறித்து வைப்பது இதற்கு முழுத் தீர்வாகாது. பாடசாலைப் பாடமும் அதே தொலைபேசியில்தான் வருகிறது. ஆகவே இவற்றைச் செய்து பாருங்கள்.

பிள்ளையிடம் கொடுக்கும்போது டேட்டாவை நிறுத்திவிடுங்கள். பல விளையாட்டுகள் இணையம் இன்றியும் இயங்கும். விளம்பரம் குறையும், றீலோட் காசும் மிஞ்சும்.

விளையாட்டுகளை இறக்கும் கடைப்பகுதியில், எதை வாங்குவதானாலும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் அறிந்த ஒருவரிடம் கேட்டுச் செய்யுங்கள். அந்தக் கடவுச்சொல்லைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம்.

பெயர், பாடசாலை, முகவரி, படம் ஆகியவற்றை எந்த விளையாட்டுக்கும் கொடுக்கக்கூடாது என்று சொல்லி வையுங்கள். விளையாட்டின் வழியாக முகம் தெரியாதவர் பேச வந்தால் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கை பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

விளையாட்டு அனுப்பும் அறிவித்தல்களை நிறுத்திவிடுங்கள். கூப்பிடும் குரல் நின்றால் பாதி இழுப்பு குறைந்துவிடும்.

இன்னுமொன்று. வெடிச்சத்தம் கேட்டால் இன்றும் நெஞ்சு பதறும் தாய்மாரும் அம்மம்மாமாரும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். போர் முடிந்த பின் பிறந்த பிள்ளைக்கு அது வெறும் விளையாட்டுச் சத்தம். "சத்தத்தை நிறுத்திவிட்டு விளையாடு, அம்மாவுக்கு அது கஷ்டமாக இருக்கிறது" என்று தயங்காமல் சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாள் பக்கத்தில் இருந்து, "எனக்கும் காட்டித் தா" என்று கேளுங்கள். எந்த இடத்தில் விளம்பரம் வருகிறது, எந்த இடத்தில் காசு கேட்கிறது, ஏன் நாளைக்கும் வரச் சொல்கிறது என்று இருவருமாகக் கண்டுபிடியுங்கள். தன்னை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று அறிந்த பிள்ளை, கூப்பிட்ட உடனே ஓடாது.