அக்கம்பக்கத்து வேலைக்குப் பிள்ளைகளுக்கு என்ன கூலி? நிர்வாகக் குழுவின் நிலைப்பாடு

நம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்கள் வாட்ஸ்அப் குழுவில் படித்திருப்பீர்கள். ஜெர்மனியின் வால்டோர்ஃப், வீஸ்லோக் சுற்றுவட்டாரத்தில் உறுப்பினர் வீடுகளில் பிள்ளைகள் செய்யும் சில்லறை வேலைகளுக்கென முன்மொழியப்பட்ட கூலிப் பட்டியலை நிர்வாகக் குழு ஏற்கவில்லை. கூலியே கூடாது என்ற எதிர்த் தீர்மானத்தையும் ஏற்கவில்லை.

கூலி கூடாது என்றவர்கள் சிவகாசியை நினைவூட்டினார்கள். தீப்பெட்டி ஒட்டப் பள்ளியை விட்ட பிள்ளைகளைக் கண்ட தலைமுறைக்கு அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பள்ளி முடிந்து, வீட்டில் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு நாயை நடக்கக் கூட்டிப் போகும் பிள்ளையின் நிலை வேறு. இந்த நாட்டின் இளையோர் தொழில் பாதுகாப்புச் சட்டம் 1976 முதல் அந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. 13 வயது நிறைந்த பிள்ளை, பெற்றோர் சம்மதத்துடன், இலகுவான வேலையை நாளுக்கு 2 மணி நேரம் செய்யலாம். மாலை 6 மணிக்கு மேலோ பள்ளிக்கு முன்போ கூடாது. எப்போதாவது செய்யும் சிறு உதவிக்குள் சட்டம் நுழைவதில்லை. வாராவாரம் காசுக்கு என்றால் நுழையும்.

தொகையைப் பொறுத்தவரை, குழு நீண்ட விவாதத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த இடம் இது: 13, 14 வயதினருக்கு மணிக்கு 8 யூரோவுக்குக் குறையாமலும், 15 வயதுக்கு மேல் 10 யூரோவுக்குக் குறையாமலும் கொடுப்பது பொருத்தமாக இருக்கும் எனக் கருதுகிறோம். 2026 ஜனவரி முதல் இங்கே குறைந்தபட்சக் கூலி 13.90 யூரோ. தொழிற்பயிற்சி முடிக்காத, 18 வயது நிறையாதவர்களுக்கு அது கட்டாயமில்லை என்பது உண்மை. கட்டாயமில்லை என்பதால் எவ்வளவும் குறைக்கலாம் என்று சிலர் வாதிட்டதைக் குழுவில் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

இனி, நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். முன்மொழியப்பட்ட பட்டியலில் தோட்ட வேலைக்கு மணிக்கு 8 யூரோ, கார் கழுவ 8 யூரோ, குழந்தை பார்த்துக்கொள்ள 4 யூரோ. முதல் இரண்டுக்கும் நம்மிடம் அழைக்கப்படுவது ஏறக்குறைய எப்போதும் பையன்கள்தான். மூன்றாவதுக்குப் பெண் பிள்ளைகள். இந்தப் பாதிக் கூலிக்குக் கூட்டத்தில் சொல்லப்பட்ட காரணம், 'அவள் சும்மா உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்' என்பது.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு வீட்டில் நடந்ததை, அந்தப் பிள்ளையின் பெற்றோர் சம்மதத்துடன், பெயர் சொல்லாமல் பதிவு செய்கிறோம். 14 வயதுப் பெண். பார்த்துக்கொள்ள வேண்டியது நாலு வயதுப் பையனையும் ஒன்றரை வயதுக் கைக்குழந்தையையும். ஐந்தரைக்கு வந்துவிடுகிறோம் என்று போனவர்கள் திரும்பியது ஒன்பதே முக்காலுக்கு. இடையில் சின்னதுக்கு இரண்டு முறை டயப்பர் மாற்றியிருக்கிறாள், பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டியிருக்கிறாள். பெரியவன் வாந்தி எடுத்த போர்வையை அலசி மெஷினில் போட்டு, இருவரையும் தூங்க வைத்திருக்கிறாள். கையில் கொடுத்தது 10 யூரோவும் ஒரு சாக்லேட் பெட்டியும். அதே வாரம் அதே வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் இலை கூட்டிய பையனுக்கும் 10 யூரோ. அவனுக்குக் கொடுத்தது சரி. அவளுக்கு நேர்ந்தது அநியாயம். மாலை 6 மணி வரம்பு மீறப்பட்டது அதைவிடப் பெரிய தவறு.

ஒரு உயிரை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகிறோம். இலைக்கு மூச்சடைக்காது, காருக்குக் காய்ச்சல் வராது. நம்மில் பலர் வாடிக்கையாளர் வேலையைக் கால் மணிக் கணக்கில் பதிவு செய்து சம்பளம் வாங்குகிறவர்கள். தாமதமான நாலு மணி நேரத்துக்கு என்ன மதிப்பு என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 'நாளைக்குக் கல்யாணமாகிப் போகிற பெண், இதெல்லாம் பழகிக்கொள்ளட்டும்' என்று ஒருவர் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். அந்த வாக்கியத்தைக் குழு வன்மையாகக் கண்டிக்கிறது. 'கண்டிக்கிறது' என்பதை 'வருந்துகிறது' என்று மாற்றும்படி வந்த திருத்தம் தோற்றது.

பெரியவர்களை அத்தை, மாமா என்று கூப்பிடப் பிள்ளைகளைப் பழக்குகிறோம், நல்லது. அந்த முறையைக் காட்டியே காசை மறுப்பதும், பிள்ளை கேட்கக் கூச்சப்படுவதை வசதியாக்கிக்கொள்வதும் பெரியவர்களுக்கு அழகல்ல. பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டி, பிள்ளைகள் பனி ஒதுக்கியதற்குக் கேட்காமலே எடுத்துத் தருகிறார். நம் வீட்டில் மட்டும் ஏன் பிள்ளை கை நீட்டி நிற்க வேண்டும்?

இந்நாட்டின் 1998ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழில் பாதுகாப்பு விதிமுறை, 13 வயது நிறைந்த பிள்ளைகள் செய்யத்தக்கவை என வீடு, தோட்ட வேலை, எடுபிடி வேலை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளல், பாடம் சொல்லித் தருதல், வளர்ப்புப் பிராணிப் பராமரிப்பு, கடைக்குப் போய் வருதல் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. அவற்றில் ஒன்றைப் பாதிக் கூலி வேலையாகப் பிரிக்க நமக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆகவே எந்த வேலையானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், அந்தந்த வயதுக்கு மணிக்கு ஒரே தொகை. சொன்ன நேரம் தாண்டினால் தாண்டியதற்கும் கூலி. 15 வயதுக்குட்பட்டவரை மாலை 6 மணிக்கு மேல் வைத்திருக்கவே கூடாது.

மற்றவை சுருக்கமாக. சொந்த வீட்டு வேலைக்குக் காசு கொடுப்பதா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. தொகையை வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள். மோட்டார் புல்வெட்டியைச் சின்னப் பிள்ளைகளிடம் தர வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை அதை யாருமே ஓட்டக் கூடாது. செஞ்சிலுவைச் சங்கம் பல ஊர்களில் நடத்தும் பேபிசிட்டர் பயிற்சிக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு, பையன்களும் சேர்த்து, கட்டணத்தில் பாதியைச் சங்க நிதியிலிருந்து தர இயலுமா எனப் பொருளாளர் பரிசீலிப்பார். முழுவதும் தர வேண்டும் என்பது குழுவில் சிலரின் கருத்து.

தீபாவளி விழாவில் குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளிடமிருந்தே இந்த முறை தொடங்கும். இதுவரை அவர்களுக்கு மேடையில் கைதட்டல் மட்டுமே கிடைத்தது. இம்முறை கூலி உண்டு, விழா வரவுசெலவில் அதற்கெனத் தனி ஒதுக்கீடு இருக்கும். கையொப்பமிட மறுத்த இரு குழு உறுப்பினர்களின் மாற்றுக் கருத்து அடுத்த பொதுக்குழுவில் முழுமையாக வாசிக்கப்படும். அதுவரை, இந்தத் தொகைக்குக் குறைவாக ஆள் கேட்டு வரும் எந்தச் செய்தியும் நம் வாட்ஸ்அப் குழுவில் அனுமதிக்கப்படாது.