பிரித்தால்தான் சாலையாகும்!

ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் நம் ஊர்ச் சாலைகளைப் பாருங்கள். குண்டும் குழியுமாய்க் கிடக்கும். அந்தக் குழிகளில் சைக்கிளோடு விழுந்து எழாத மாணவியர் நம்மில் சிலரே. "மழையில் தார் கரைந்து விட்டது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் தார் தண்ணீரில் கரைவதில்லை. பின் ஏன் சாலை சிதைகிறது?

நாம் தார் என்று சொல்வது, கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் பிட்டுமென் என்னும் கரிய பசையாகும். ஜல்லிக் கற்களை ஒன்றோடொன்று ஒட்டி வைப்பதே அதன் வேலை. கத்திரி வெயிலில் அது இளகும். தேங்கிய நீர் கல்லுக்கும் பசைக்கும் இடையே புகுந்துவிட்டால் பிடிப்பும் தளரும். அதன்பின் கனத்த லாரிகள் சில ஓடினாலே போதும். ஜல்லி பெயர்ந்து குழி பிறக்கும்.

இக்குறையைப் போக்கப் பாலிமர் என்னும் பொருள்களைச் சேர்ப்பது பல நாடுகளின் வழக்கம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன் அவர்களோ, குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக்கும் ஒரு பாலிமர்தானே என்று எண்ணினார். 2002ஆம் ஆண்டு கல்லூரி வளாகத்திலேயே அத்தகைய சாலை போடப்பட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

முறை எளியது. ஜல்லியைச் சுமார் 170 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவுகிறார்கள். அது எரியாமல் உருகிக் கல்லின்மேல் மெல்லிய உறைபோல் படிகிறது. பிறகு சூடான தாரைக் கலக்கிறார்கள். தார் அந்த உறையை இறுகப் பற்றிக்கொள்வதால் நீர் உள்ளே புகுவது குறைகிறது. 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் சாலைக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் செலவாகும். ஏறத்தாழ அதே அளவு தார் மிச்சமாகும்.

இதை அறிந்ததும் எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி எழுந்தது. "பிளாஸ்டிக் இவ்வளவு பயன்படுமானால், 2019 சனவரி முதல் தமிழகத்தில் பைகளுக்குத் தடை எதற்கு? தாராளமாக வாங்கி எறியலாமே!" இக்கருத்து தவறு என்பதே எங்கள் துணிபு.

எல்லாப் பிளாஸ்டிக்கும் சாலைக்கு ஆகாது. பால் உறையும் மளிகைப் பையும் பாலித்தீன், அவை ஆகும். பழைய குழாய், மின்கம்பி உறை, விளம்பர பிளெக்ஸ் ஆகியவை பி.வி.சி. சூடேறினால் நச்சுக் காற்றை வெளியிடும். இந்தியச் சாலைப் பேரவை 2013இல் வெளியிட்ட நெறிமுறைகளும் பி.வி.சி.யை விலக்கியுள்ளன. சோறும் சேறும் ஒட்டிய பையும் உதவாது. நாம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டினால் அதைப் பிரிப்பவர் யார்? கையுறைகூட இல்லாமல் குப்பைமேட்டில் குனிந்து நிற்கும் தாய்மார்கள் அல்லவா? அவர்களுடைய உடல்நலத்தை விலையாகக் கொடுத்து நமக்கு வழவழப்பான சாலை வேண்டுமா?

மேலும், சாலை தேயும்போது பிளாஸ்டிக் துகள்கள் மழைநீரில் கலக்குமோ என்ற ஐயமும் அறிஞரிடையே உண்டு. ஆகவே முதலில் பயன்பாட்டைக் குறைப்பதே முறை. குறைத்தபின் எஞ்சுவதைத்தான் சாலைக்குத் தரவேண்டும்.

தோழியரே, பொறியாளர் செய்வதை நாம் செய்ய இயலாது. ஆனால் அவருக்கு வேண்டிய மூலப்பொருள் நம் கையிலிருந்துதான் செல்கிறது. பால் உறையைக் கழுவி உலர்த்துவோம். குழாய்த்துண்டையும் கம்பி உறையையும் தனியே வைப்போம். வகுப்புக்கு இரண்டு கூடைகள் வைக்கும்படி அருட்சகோதரியரை வேண்டுவோம். பெற்றோர்களே, போகியன்று பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதிருக்க நீங்களும் துணை நில்லுங்கள். குப்பை பிரிக்கும் தாய்மார்களுக்குக் கையுறையும் நியாயமான கூலியும் கிடைக்கவேண்டும் என்று ஊராட்சியிலும் நகராட்சியிலும் குரல் கொடுங்கள்.

நல்ல சாலை தார்க் கொப்பரையில் தொடங்குவதில்லை. நம் வீட்டு அடுக்களையில் தொடங்குகிறது. இன்றே பிரிக்கத் தொடங்குவோமாக!