நிற்பவளுக்கு ஓர் இருக்கை

வணிகப் பெருமக்களே! 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் செய்தது தமிழ்நாடு. பணியாளர் அனைவர்க்கும் இருக்கை வேண்டும் என்பதே அத்திருத்தம். கேரளம் 2018-லேயே வழிகாட்டிற்று. நீங்களோ இன்னும் தயங்குகிறீர்கள்!

செங்கற்பட்டுத் துணிக்கடையிலும், மாமல்லபுரத்து அங்காடியிலும், திருவிடந்தைச் சாலையோரக் கடையிலும் காலை முதல் இரவு வரை நிற்கிறாள் ஏழைப் பெண். கால் வீங்குகிறது, நரம்பு புடைக்கிறது. கல்லாவில் அமர்ந்தபடி, "வாடிக்கையாளர் முன் உட்காருவது மரியாதையா?" என்கிறார் முதலாளி. வருவோரை எழுந்து வரவேற்க அவள் அறிவாள். எவரும் வாரா வேளையிலும் நிற்கவைப்பது மரியாதையா? அன்று, அடிமைத்தனம்! அமரப் பிறந்தோர், நிற்கப் பிறந்தோர் எனப் பிரித்த பழைய ஆணவத்தின் எச்சம்!

முக்காலியை மூலையில் போட்டுவிட்டு, அமர்ந்தவளை முறைப்பது சட்டத்தை ஏய்ப்பதாகும். ஆய்வாளருக்கு அஞ்சி அன்று, அவளும் மனிதப்பிறவி என மதித்து இன்றே இருக்கை இடுங்கள்!