ஒரே பீர் ரெசிபி, வீட்டுக்கு வீடு வேறு ருசி: கோளாறு எங்கே?

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. பெரியவர்கள் இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில், சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். (தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதை முதலிலேயே சொல்லிவிடுவோம்.)

அங்கே புதிதாக இறங்குபவர்களின் புலம்பல் கிட்டத்தட்ட ஒன்றுதான். புத்தகத்தில் இருந்ததை கிராம் பிசகாமல் போட்டாச்சு. மூன்று வாரம் பொறுமையாகக் காத்திருந்து பாட்டிலைத் திறந்தால், தண்ணியாக இருக்கிறது, கசப்பு மட்டும் தூக்கலாக நிற்கிறது. உடனே ஈஸ்ட் மேல் பழி, இல்லையென்றால் புத்தகத்தின் மேல். பெரும்பாலும் இரண்டுமே குற்றவாளி இல்லை.

நம் வீட்டு இட்லி மாவை நினைத்துக்கொண்டால் விஷயம் புரிந்துவிடும். ஒரு டம்ளர் உளுந்து கிரைண்டரில் பொங்கிப் பொங்கி வரும். மிக்ஸியில் அந்த அளவு காணாது. அதனால்தான் மிக்ஸியில் அரைப்பவர்கள் உளுந்தைக் கொஞ்சம் கூடப் போடுகிறார்கள். பீரிலும் அதே கதைதான்.

எஃபிஷியன்சி என்றால் என்ன?

முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் மால்ட். அதை உடைத்து, சுமார் 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், மாவுச்சத்து சர்க்கரையாக மாறி நீரில் இறங்கும். தானியத்தில் இருப்பதில் எத்தனை சதவீதம் உங்கள் பாத்திரத்துக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் எஃபிஷியன்சி. மால்ட்டை எவ்வளவு நன்றாக உடைத்தார்கள், சக்கையை எப்படி அலசினார்கள், நீரின் அமிலத்தன்மை என்ன என்று பலதும் இதைத் தீர்மானிக்கும். ஒருவர் வீட்டில் 75 சதவீதம் வரும், பக்கத்து வீட்டில் 60.

இறங்கிய சர்க்கரையை ஹைட்ரோமீட்டர் சொல்லும். வெறும் தண்ணீர் 1.000 காட்டும், சாதாரண பேல் ஏலுக்கு, ஈஸ்ட் போடும் முன் 1.050 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைசி 50-ஐத்தான் ‘பாயின்ட்’ என்கிறார்கள். 20 லிட்டருக்கு மொத்தம் 1,000 பாயின்ட் தேவை. ஒரு கிலோ மால்ட்டில் இருப்பது முழுக்க இறங்கினால் ஏறக்குறைய 300 பாயின்ட் கிடைக்கும். 75 சதவீதத்தில் அது 225. ஆகவே 4.44 கிலோ போதும். 60 சதவீதத்தில் 180 தான், 5.56 கிலோ வேண்டும்.

இதைக் கவனிக்காமல் புத்தகத்தின் 4.44 கிலோவையே 60 சதவீதக்காரர் போட்டால், 1.040 தான் வரும். கிட்டத்தட்ட 5 சதவீத ஆல்கஹாலில் நிற்க வேண்டிய பீர் 4-ஐக் கூடத் தொடாது. ஹாப்ஸ் மட்டும் குறையவில்லை, அதன் கசப்பு அப்படியே இருக்கிறது. மேலே சொன்ன ‘தண்ணியாக, கசப்பாக’ வந்தது இப்படித்தான்.

திருத்தம் எளிது: ரெசிபியின் எஃபிஷியன்சியை உங்களுடையதால் வகுத்து, மால்ட் எடையோடு பெருக்க வேண்டும். 75-ஐ 60-ஆல் வகுத்தால் 1.25. ஆனால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு 1.25-ஆல் பெருக்கக் கூடாது. கூடுதல் 1.1 கிலோவை அடிப்படை மால்ட்டிலேயே சேர்ப்பதுதான் உத்தமம். நிறத்துக்கும் வாசனைக்கும் போடும் கருக்கிய மால்ட்டைக் கூட்டினால் பீர் கறுத்து, கருகல் ருசி ஏறும். ஹாப்ஸையும் தொட வேண்டாம். அது எத்தனை லிட்டர் என்பதைப் பொறுத்தது.

பாத்திரம் மாறினால்?

இங்கேதான் கணக்குத் தெரிந்தவர்களும் வழுக்கி விழுகிறார்கள். 20 லிட்டர் ரெசிபியில் 24 லிட்டரில் தொடங்கி, ஒரு மணி நேரக் கொதியில் 4 லிட்டர் ஆவியாகிறது. பாதியாகச் செய்யலாம் என்று அதே பாத்திரத்தில், அதே தீயில் 12 லிட்டர் வைத்தால் 2 லிட்டரா போகும்? இல்லை, ஏறக்குறைய அதே 4 லிட்டர்தான். ஆவி பாத்திரத்தின் வாய் அகலத்தையும் தீயையும் பார்க்கும், ரெசிபியைப் பார்க்காது. 10 லிட்டருக்குப் பதில் 8 லிட்டர் மிஞ்சும், 1.050 வர வேண்டியது 1.062-ல் போய் நிற்கும். வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து எத்தனை லிட்டர் குறைகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொரு குழப்பம், இரண்டு எஃபிஷியன்சி இருப்பது. கொதிகலனுக்கு வந்த சர்க்கரையைச் சிலர் கணக்கிடுகிறார்கள்; நொதிக்கும் கலனுக்குப் போய்ச் சேர்ந்ததைச் சிலர். நடுவில் அடிவண்டலோடு ஒன்றிரண்டு லிட்டர் போய்விடும். ‘72 சதவீதம்’ என்று மட்டும் எழுதி, எது என்று சொல்லாத ரெசிபி அரை ரெசிபிதான். அளவும் எஃபிஷியன்சியும் இல்லாமல் வெறும் கிலோ கணக்கை அச்சிடுவதை இந்தப் பொழுதுபோக்கின் எழுத்தாளர்கள் எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும்.

85, 90 என்று சதவீதத்தைத் துரத்துவதும் வீண் வேலை. வீட்டளவில் மிச்சமாவது கொஞ்சம் மால்ட்தான். ஒவ்வொரு முறையும் அதே 65 வந்தால், அதை வைத்துத் திட்டமிடலாம். ஒரு வாரம் 60, மறுவாரம் 78 என்றால் எந்தக் கணக்கும் நிற்காது. ஒன்று மட்டும் கவனம்: 1.080 போன்ற கெட்டியான பீருக்குத் தானியம் அதிகம், அலசும் நீர் குறைவு. அங்கே வழக்கமான 75-ஐ எதிர்பார்க்க முடியாது.

கடைசியில் 1.040 தான் வந்தது என்றால் பதற வேண்டாம். முதலில், அளந்தது சூடாக இருந்ததா என்று பாருங்கள். ஹைட்ரோமீட்டர்கள் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை, சூடான திரவத்தில் குறைத்துக் காட்டும். ஆறவைத்து அளந்தும் அதேதான் என்றால், 20 லிட்டருக்கு சுமார் 550 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் கலந்து சில நிமிடம் கொதிக்கவிட்டால் 1.050-க்கு வந்துவிடும். அதிகமாகிவிட்டால் இன்னும் சுலபம்: கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றினால் போதும்.